சத்தியத் தண்ணீர்

விருந்தாளிக்கு என் கையால் பரிமாறினால்தான் எனக்குத் திருப்தி. எங்கள் ஷான் மலையில் சாவ்பா, அதாவது நாட்டை ஆள்பவன், கரண்டி பிடிப்பது கேவலம் என்பார்கள். நான் அப்படி நினைப்பதில்லை. ராஜாவின் தலைநகரான அவாவிலிருந்து விசாரிக்க வந்திருக்கும் உங்களுக்கும் நேற்று நான்தான் பரிமாறினேன், அமைச்சரே. பயப்படாதீர்கள், அது வெறும் மீன்.

தம்பி குன் லேக் விஷயத்துக்கு வருகிறேன். வருஷாவருஷம் உங்கள் ராஜாவின் வாளை முக்கியெடுத்த தண்ணீரை எங்களைக் குடிக்கச் சொல்கிறீர்கள். சத்தியம் தவறினவன் ரத்தம் கக்கிச் சாவான், அவன் பெண்டாட்டியும் சாவாள் என்று ஒருவன் உரக்க வாசிக்கிறான். நானும் தம்பியும் அருகருகே மண்டியிட்டுக் குடித்தோம். ஊருக்குத் திரும்பியதும் என் வாளை முக்கி, என் ஊர்த்தலைவர்களுக்கு நானும் அதையே கொடுக்கிறேன். என் ஆட்சி அந்தக் குவளையில்தான் நிற்கிறது.

போன வருஷம் போருக்கு முந்நூறு ஆள் கேட்டீர்கள். தம்பி அவர்களைக் காட்டில் மறைத்துவிட்டு, காய்ச்சலில் செத்தார்கள் என்று சொல்லியனுப்பினான். மூன்று மாதம் ஆகியும் அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, பெருத்தும்விட்டான். சந்தையில் எல்லோரும் பார்க்கத் தொந்தியைத் தட்டிக் காட்டினான்.

"அண்ணே, அவா தண்ணி உடம்புக்கு நல்லா ஒத்துக்குது. இன்னொரு குடம் அனுப்பச் சொல்லுங்க."

ஊர்த்தலைவர்கள் சிரித்தார்கள். அவர்களில் ஒரு கிழவன் என் பக்கம் திரும்பி, "அப்போ உங்க தண்ணியும் இப்படித்தானுங்களா, சாமி?" என்றான். முட்டாள்களுக்குச் சந்தேகம் வந்தால் வளரவிடக் கூடாது. அடுத்தது வாளை உருவுவார்கள்.

அம்பில் விஷமாகத் தடவும் நாபிக்கிழங்கு எங்கள் மலையில் தாராளம். தம்பியையும் அவன் மனைவி நாங் மோவையும் விருந்துக்கு அழைத்தேன். மூங்கிலில் வெந்த சோறு, புளிக்கவைத்த கடுகுக்கீரை.

"கசக்குதே, மாமா," என்றாள் அவள்.

"கீரைன்னா அப்படித்தான். அண்ணன் ஆசையா போட்டதை மிச்சம் வைக்காதே," என்று தம்பி அதட்டினான். அவளும் தின்றாள். சத்தியத்தில் பெண்டாட்டியும் உண்டு. அரைகுறை வேலை எனக்கு ஆகாது.

பொழுது சாய்வதற்குள் இருவரும் முடிந்தார்கள். வாயோரம் பூச ஒரு கோழியின் ரத்தம் போதுமாயிருந்தது. அதைப் பார்த்த ஊர்த்தலைவர்கள், நான் கேட்காமலே, என் தண்ணீரை இன்னொரு முறை குடித்துவிட்டுப் போனார்கள். கிழவன் மிச்சத்தைத் தலையில் தெளித்துக்கொண்டான். ஆட்டுக்குக்கூட இதைவிட மூளை உண்டு.

நீங்கள் மட்டும் என்ன? தண்ணீரின் மகிமையை ராஜாவுக்கு எழுதிப் பட்டு வாங்கிக்கொண்டீர்கள். என் சமையல்காரன் உளறியதும் ஓடி வந்திருக்கிறீர்கள். நான்தான் கொன்றேன் என்று தாராளமாக எழுதுங்கள். உங்கள் ராஜாவின் தண்ணீர் வெறும் தண்ணீர் என்றும் சேர்த்து எழுத வேண்டிவரும். யார் தலை முதலில் உருளும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

தம்பி மேல் மட்டும் பழி போடாதீர்கள். அவன் அண்ணன் சொல்லைத் தட்டாத பிள்ளை. அந்த முந்நூறு பேரை மறைக்கச் சொன்னவன் நான். அறுவடைக்கு ஆள் வேண்டியிருந்தது. அதே தண்ணீரைத்தான் நானும் குடித்தேன். எனக்கு ஒரு தலைவலிகூட இல்லை.