உடையாத பிஸ்கட்

கோதுமை இல்லாமல் பிஸ்கட் சுடுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. அரிசி மாவை மட்டும் போட்டால் வாயில் மணல் மாதிரி நறநறக்கும். பாதாம் மாவு கூடினால் எண்ணெய் கசியும். கடலை மாவு கூடினால் பச்சை வாடை போகாது. மூன்றையும் கலந்து, வெண்ணெய் போட்டுப் பிசைந்து, குளிர வைத்துச் சுட வேண்டும். அப்படியும் உதிரும். மாவைப் பிடித்து நிறுத்துகிற பசை கோதுமையில்தான் இருக்கிறது. அந்தப் பசைதான் அண்ணியின் குடலுக்கு ஆகாது.

நீங்கள் கேட்டதால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

பார்சல் கிடங்கில் இரவு வேலையை விட்டுவிட்டு அண்ணன் வீட்டில் வந்து உட்கார்ந்தேன். தண்டச்சோறு என்று யாரும் சொல்லவில்லை. அண்ணி அடுப்படியைக் காட்டி, "கடையில வாங்குறத நம்ப முடியல தம்பி. நீங்க சுட்டுத் தர்றீங்களா?" என்றார்.

அந்த வீட்டில் அவருக்கென்று தனிச் சல்லடை, தனித் தட்டு, தனி அலமாரி. அண்ணன் ரொட்டி தின்றால் கை கழுவிவிட்டுத்தான் கதவைத் தொட வேண்டும். ஒருத்தர் வயிற்றுக்காக ஒரு வீடே கைகட்டி நின்றது. இதில் பாதி நடிப்பு என்று எனக்குத் தோன்றியது. சந்தேகம் புகுந்துவிட்டால் எனக்குத் தூக்கம் பிடிக்காது.

நான் சுட்டதை அண்ணன் எடுத்தால் வாய்க்குப் போவதற்குள் கையிலேயே பொடியாகிவிடும். "டேய், இது பிஸ்கட்டா பல்பொடியா? பிரஷ் எடுத்துட்டு வரட்டுமா?" என்பான். அண்ணி விழுந்து விழுந்து சிரிப்பார். சிரிப்பதற்கு மட்டும் உடம்பு நன்றாகவே ஒத்துழைத்தது.

ஆகவே ஒரு நாள் அண்ணனுடைய கோதுமை மைதாவில் ஒரு கரண்டி எடுத்துக் கலந்தேன். சோதனைதான், வேறொன்றும் இல்லை.

அருமையாக வந்தது. ஓரம் மொறுமொறுப்பு, நடுவில் மென்மை. "கை தேறிடுச்சு தம்பி," என்றார் அண்ணி. மறுநாள் படுக்கையை விட்டு அவர் எழவில்லை.

அதன் பிறகு சந்தேகம் அவருக்குத் தொற்றிக்கொண்டது. முதலில் மாவு மில். அடுத்து, பாத்திரம் கழுவ வந்த அம்மா, அவரை நிறுத்தியாயிற்று. பிறகு சூப் பொடி, மாத்திரையின் மேல்பூச்சு, பற்பசை. ஒவ்வொன்றாக விலக்கினார். விலக்க விலக்க இளைத்தார். வளையல் முழங்கைவரை ஏறியது. வெறும் வயிற்றோடு இருக்கக் கூடாதே என்று என் பிஸ்கட்டை மட்டும் கூடுதலாகச் சாப்பிட்டார். அண்ணன் கை நீட்டினால், "அது அண்ணிக்கே பத்தல," என்று டப்பாவை மூடிவிடுவேன்.

ஒரு தடவை அடுப்படி வாசலில் நின்று, நான் மாவு சலிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணி?"

"ஒண்ணுமில்ல. உங்களையும் சந்தேகப்பட்டா, அப்புறம் நான் யார் கையில சாப்பிடுறது?"

சொன்னதற்கு அவரே கூச்சப்பட்டு உள்ளே போனார். அன்று ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டேன்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள். நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தபோது, அதை எதிர்த்து நிற்க உடம்பில் எதுவும் மிச்சமில்லை. அவர் போன பிறகு, கட்டிலடியில் கிடந்த சாமான்களை அண்ணன் எடுத்து வைத்தான். டப்பா கை நழுவி விழுந்தது. பிஸ்கட்டுகள் சுவர்வரை உருண்டோடின. ஒன்றுகூட உடையவில்லை.

அண்ணன் ஒன்றைப் பொறுக்கினான். இரண்டு கையாலும் வளைத்துப் பார்த்தான்.

"ஏன்டா இது உதிரல?"

மிச்சத்தை நான் டப்பாவில் பொறுக்கிப் போட்டேன். அங்கிருந்து நேராக அவன் உங்கள் ஸ்டேஷனுக்குத்தான் வந்திருக்கிறான்.

அண்ணி நடிக்கவில்லை என்பது முதல் தட்டிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அப்படியானால் அதற்குப் பிறகும் ஏன் கலந்தாய் என்று கேட்கிறீர்கள். இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது? பிஸ்கட் நன்றாக வந்துகொண்டிருந்தது.