முதல் கோபுரத்து உலையை நிறுத்தச் சம்மதித்தவர் யார் என்பது பற்றி

இத்தாளின் தலைப்பில் உள்ள பெயரும் கதவு எண்ணும் என்னுடையவை. வயது நாற்பத்து நான்கு. வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளி நின்றது. அதற்குப் பிறகு படித்ததெல்லாம் நானாகப் படித்தது. யாராவது மிரட்டியோ ஆசை காட்டியோ வந்தீர்களா என்று ஆய்வாளர் ஐயா கேட்டார். ஒருவர் ஆசை காட்டியது உண்மை, ஆனால் இதைச் சொல்வதற்காக அல்ல. அதை அதன் இடத்தில் சொல்கிறேன்.

என் கணவர் கரைப்பான் தொழிற்சாலையில் உலை பார்க்கும் ஆபரேட்டர். அங்கே அவரை அடுப்பண்ணன் என்பார்கள். பென்சீன், டொலுவீன், சைலீன் மூன்றும் கலந்து வரும் எண்ணெயைக் கொதிக்க வைத்து, கோபுரம் என்று சொல்லும் உயரமான இரும்புக் கலன்களில், முதலாவதில் பென்சீனையும் இரண்டாவதில் டொலுவீனையும் ஆவியாக மேலே ஏற்றிப் பிரிப்பது அங்கே வேலை. இரண்டுக்கும் தனித்தனி உலை இருந்தது. முதல் உலையருகில் நிற்பவர் என் கணவர். அவர் சட்டை வீட்டுக்கு வரும்போது முதுகில் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும்.

சென்ற ஆண்டுக் கோடையில் அவர் உலையடியில் மயங்கி விழுந்தார். அவர் வீட்டில் படுத்திருந்தபோது மேனேஜர் ஐயாவும், இவ்வழக்கில் எதிரியாகக் காட்டப்பட்டுள்ள பெண் பொறியாளரும் பார்க்க வந்தார்கள். துளி நீராவியைக் கூட வீணாக விடமாட்டார் என்பதால் அந்தப் பெண்ணுக்கு அங்கே கஞ்சம் என்று பட்டப்பெயர். நான் தேநீர் கொடுத்தேன். அதன் பின்பு அந்தப் பெண் மேனேஜர் ஐயாவிடம், "சார், ரெண்டாவது கோபுரத்து உச்சியில வர்ற சூட்டைத் தண்ணி விட்டு ஆத்தி வீணாக்குறோம். அங்க அழுத்தத்தைக் கூட்டினா அந்த ஆவி இன்னும் சூடா வரும். அதை வச்சே முதல் கோபுரத்து அடியைக் கொதிக்க வச்சிடலாம். அண்ணன் நிக்கிற உலையே வேண்டாம். எரிபொருள் பாதியா குறையும்" என்று சொன்னார்.

என் கணவர் படுத்தபடியே, "அப்ப எனக்கு அடுப்பண்ணன்னு பேரும் போச்சா?" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

அதன் பின்பு மேனேஜர் ஐயா தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, "சரிம்மா, ஓட்டிப் பாரு. அனுமதித் தாளெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். நான் கைகூப்பி, "ஐயா, நீங்க நல்லா இருக்கணும். ரொம்ப நன்றிங்க" என்றேன். அவர், "நன்றியை எனக்குச் சொல்லுங்க. ஏதாவது ஆச்சுன்னா திட்டை மட்டும் கஞ்சத்துக்குச் சொல்லுங்க" என்றார். அதற்கும் சிரித்தோம். அப்போது அது வெறும் வேடிக்கை.

இந்தப் பேச்சை எழுதி வைத்திருக்கிறீர்களா என்று ஆய்வாளர் ஐயா கேட்டார். இல்லை. நான் வரவு செலவு எழுதுகிறவள். வீட்டுக்கு வந்தவர் பேசியதை எழுதுகிற பழக்கம் இல்லை.

அதன் பின்பு குழாய்களை மாற்றி முதல் உலையை நிறுத்தினார்கள். என் கணவர் சட்டையில் உப்பு பூப்பது நின்றது. வந்ததும் சுருண்டு படுக்கிறவர், மகளோடு உட்கார்ந்து சாப்பிட்டு அவள் தட்டில் இருப்பதையும் திருடத் தொடங்கினார். நான் தினமும் விளக்கேற்றும்போது அந்தப் பெண்ணையும் மேனேஜர் ஐயாவையும் சேர்த்தே வேண்டிக்கொண்டேன்.

அதன் பின்பு சென்ற வாரம் இரண்டாவது கோபுரத்துக் குழாய் இணைப்பு ஒன்று பிய்த்துக்கொண்டு ஆவி வெளியேறியது. என் கணவர் அருகில் இருந்தார். இணைப்பு ஏன் பிய்ந்தது என்பது எனக்குத் தெரியாது, தெரிந்ததாகச் சொல்லமாட்டேன். முகமூடி போட்டுக்கொண்டு உள்ளே போய் அவரை அக்குளில் கைகொடுத்து இழுத்து வந்தது அந்தப் பெண்தான் என்று ஆம்புலன்ஸ்காரர் சொன்னார். மருத்துவமனையில் அந்தப் பெண் என்னிடம், "அக்கா, என்னை மன்னிச்சிடுங்க" என்றபோது இரண்டு உள்ளங்கைகளும் தோலுரிந்திருந்தன. என் கணவருக்குத் தொண்டையில் குழாய் இருப்பதால் பேச முடியவில்லை. கண் திறந்து பார்க்கிறார். அதற்குக் கடவுளுக்கு நன்றி.

மறுநாள் மேனேஜர் ஐயா தட்டச்சு செய்த புகாருடன் வந்தார். யாருடைய அனுமதியும் இல்லாமல் அந்தப் பெண் தானாக உலையை நிறுத்தியதாக அதில் இருந்தது. "கையெழுத்துப் போடுங்கம்மா, வைத்தியம் முழுக்கக் கம்பெனி பாத்துக்கும்" என்றார். நான், "ஐயா, அன்னைக்கு எங்க வீட்டுல நன்றி சொன்னேனே, வாங்கிக்கிட்டீங்களே" என்றேன். "அது ஏதோ பேச்சுக்குச் சொன்னதும்மா" என்றார். நான் பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன். அந்தப் புகாரை அவர் தம் பெயரிலேயே கொடுத்துவிட்டார். வைத்தியம் எப்படி நடக்கும் என்று அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை.

பாதிக்கப்பட்டவரின் மனைவி என்ற முறையில் அந்தப் பெண்மீது எனக்குப் புகார் இல்லை. அவரைச் சிறைக்கு அனுப்பினால் என் கணவரை இழுத்து வந்த கைகளுக்கு விலங்கு போட்டதாகும்.

மேனேஜர் ஐயா மீதும் எனக்குக் கோபம் இல்லை. அவர் அன்று சரி என்று சொன்னதால்தான் இந்த ஆண்டுக் கோடை முழுவதும் என் கணவர் முதுகில் உப்பு இல்லாமல் வீட்டுக்கு வந்தார். அவருக்குச் சொன்ன நன்றியை நான் திரும்பப் பெறவில்லை. அது அவருக்கே உரியது.

எழுதியதை ஆய்வாளர் ஐயா வாசித்துக் காட்டினார். தேநீர், சிரிப்பு இவையெல்லாம் வேண்டுமா என்று கேட்டார். இருக்கட்டும் என்றேன். நடந்தது இதுதான் என்று அறிந்து கையெழுத்திடுகிறேன்.