அட்டை மட்டும் திறந்திருந்த புத்தகம்

பெயர், தந்தை பெயர், முகவரி ஆகியவை மேலே எழுதப்பட்டுள்ளபடி. வயது நாற்பத்தொன்று. காகித ஆலையில் கொதிகலன் பிரிவுப் பொறியாளராக வேலை பார்க்கிறேன். மருத்துவமனை வார்டில் எங்கள் தலைமைப் பொறியாளரின் முகத்தில் நான் துப்பியதாக அவர் கொடுத்த புகாரை எனக்குப் படித்துக் காட்டினார்கள். துப்பியது உண்மை. முகத்தில் என்பது பொய். சட்டையில்தான் விழுந்தது, குறி தப்பிவிட்டது.

எங்கள் ஆலையில் இருந்த தடித்தடியான பொறியியல் கையேடுகளை எல்லாம் எடைக்குப் போட்டுவிட்டு, போன வருடம் அவற்றின் மின்பதிப்பை வாங்கினார்கள். அதையும் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே திறக்கலாம் என்ற உரிமத்தோடுதான் வாங்கினார்கள். தலைமைப் பொறியாளர் காலையில் வந்ததும் தன் அறைச் சுவரிலுள்ள பெரிய திரையில் அதைத் திறந்து வைப்பார், வீட்டுக்குக் கிளம்பும்வரை மூடமாட்டார். அதற்குப் பிறகு நாங்கள் யார் திறந்தாலும் வேறொருவர் பயன்படுத்துகிறார் என்றே வரும். கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். அதனால் யாரோ எப்போதோ படம்பிடித்த அட்டவணைகளைக் கைபேசிக் குழுவில் வைத்துக்கொண்டு வேலை நடந்தது. படம்பிடித்தவர்கள் எண்களை மட்டும் வெட்டி எடுத்திருந்தார்கள், கீழே இருந்த குறிப்புகள் போய்விட்டன.

விபத்து நடந்த அன்று நீராவிக் குழாய் இணைப்புக்குப் புது போல்ட் மாட்டும் வேலை இருந்தது. வேலை செய்த ஃபிட்டரை நாங்கள் சுருட்டை என்று கூப்பிடுவோம். வந்த போல்ட்டுகளில் கிரீஸ் பூசியிருந்தது. உலர்ந்த போல்ட்டுக்கு உரிய விசையில் கிரீஸ் போட்ட போல்ட்டை முறுக்கினால் அது அளவுக்கு மீறி இழுபட்டு அறுந்துவிடும். குழுவிலிருந்த அட்டவணை எதற்கு உரியது என்று படத்தில் இல்லை. நான் சுருட்டையைப் பொறுத்திருக்கச் சொல்லிவிட்டு, தலைமைப் பொறியாளரைக் கூப்பிட்டு, ஐந்து நிமிடம் புத்தகத்தை மூடுங்கள், குறிப்பைப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அதற்கு அவர், "வெளியாளுங்க வந்திருக்காங்க, ஸ்க்ரீன் காலியா கெடந்தா நல்லாவா இருக்கும்? படம்தான் இருக்கே, அதப் பாத்துப் பண்ணும்மா" என்றார்.

அதன் பிறகு நேரில் கேட்கலாம் என்று அலுவலகத்துக்குப் போனேன். அறை வாசலில் அரை மணி நேரம் நிற்க வைத்தார்கள். பிறகு உள்ளே விட்டபோது திரையைப் பார்த்தேன். புத்தகத்தின் அட்டை மட்டும் இருந்தது. ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை. வந்தவர்கள் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் கொதிகலன் பக்கம் சத்தம் கேட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தபோது போல்ட் அறுந்து நீராவி பீறிட்டு, சுருட்டையின் இரண்டு கைகளும் முழங்கை வரை வெந்திருந்தன. நான் வாசலில் நின்ற நேரத்தில் தலைமைப் பொறியாளர் அவருக்குப் போன் செய்து, "அந்தம்மா திரும்பி வர்றதுக்குள்ள முறுக்கி முடிச்சு லைனத் தொற" என்று சொன்னாராம். இதை ஆம்புலன்சில் சுருட்டையே என்னிடம் சொன்னார்.

மறுநாள் சாயங்காலம் வார்டுக்குப் போனேன். சுருட்டை ஊசி மயக்கத்தில் இருந்தார். கட்டுக்கு வெளியே ஒரு விரல்நுனி மட்டும் தெரிந்தது. தலைமைப் பொறியாளர் அந்த விரலைப் பிடித்து, தான் கொண்டுவந்த டேப்லெட்டில் கையெழுத்துப்போல் இழுத்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். புத்தகத்தைப் பார்க்காமல் நானாகவே முறுக்கினேன், யாரும் சொல்லவில்லை என்று அதில் இருந்தது. பக்கத்தில் நின்ற சுருட்டையின் மனைவி, "ஆஸ்பத்திரிச் செலவுக்குன்னு சொன்னாரேக்கா" என்றாள். அதன் பிறகு தலைமைப் பொறியாளர் டேப்லெட் திரையில் ஒட்டியிருந்த களிம்பைக் கைக்குட்டையால் துடைத்தார். துடைத்துவிட்டு, ஏதோ சாக்கடையைத் தொட்டவர்போல முகத்தைச் சுளித்தார். அப்போதுதான் துப்பினேன்.

கம்பெனி விசாரணையில் என்னை யாரும் கூப்பிடவில்லை. அந்தக் கையெழுத்தை வைத்தே தவறு சுருட்டையுடையது என்று முடித்து, நஷ்ட ஈடு கிடையாது, வேலையும் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

நான் மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் தலைமைப் பொறியாளர் புகாரைத் திரும்பப் பெறுவார் என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். எழுதித் தரமாட்டேன். வழக்கு கோர்ட்டுக்குப் போகட்டும். எதற்காகத் துப்பினாய் என்று அங்கே என்னைக் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

நான் சொன்னபடியே இது எழுதப்பட்டது. படித்துக் காட்டக் கேட்டேன். எல்லாம் நடந்தவை, என் அறிவுக்கு எட்டியவரை உண்மை. யாரும் என் விரலைப் பிடிக்காமல், நானே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)