நாலாவது கைக்கு ஒரு கான் சேறு

முசியே ரேமண்ட், ரேடியேட்டரைத் தொட்டுப் பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. உள்ளங்கையை வைக்கக் கூடாது. வேலை செய்து காய்த்துப்போன கைக்குச் சூடு சரியாகத் தெரியாது. புறங்கையால் மேலிருந்து கீழாகத் தடவிக்கொண்டு வர வேண்டும். மேற்பக்கம் சுட்டு அடிப்பக்கம் சில்லென்று இருந்தால் உள்ளே சேறு அடைந்துவிட்டது என்று விளங்கிக்கொள்ளலாம். இதைக் கூட்டத்தில் வாசிக்கும்போது எல்லாருக்கும் சொல்லுங்கள், உதவியாக இருக்கும்.

நடந்ததை ஒளிக்காமல் எழுதித் தரும்படி கேட்டீர்கள். தமிழில் எழுதினால் போதும், பிரெஞ்சில் நானே மாற்றிக்கொள்கிறேன் என்றும் சொன்னீர்கள். நீங்கள் புதுச்சேரிக்காரர், முப்பது வருடம் தபால் இலாகாவில் இருந்தவர், நம் கட்டட நிர்வாகக் குழுவின் தலைவர். உங்கள் பிரெஞ்சில் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. ஆனால் மாற்றுகிற சாக்கில் என்னைப் பாவப்பட்டவனாகக் காட்டிவிடாதீர்கள். தவரத்தினம், வயது அறுபத்திரண்டு, முதலாம் மாடி இடதுபக்க வீடு, வீடுகளுக்குச் சூடு கொடுக்கும் ஷோஃபாஜ் வேலை. நல்ல தெளிவோடுதான் எழுதுகிறேன்.

நம் கட்டடத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, வாசிக்கப்போகிற அதிகாரிகளுக்காகச் சொல்கிறேன். நிலவறையில் ஒரு பொய்லர் இருக்கிறது. அதில் கொதிக்கும் தண்ணீர் ஐந்து மாடிக்கும் ஏறி, ஒவ்வொரு வீட்டு ரேடியேட்டருக்குள்ளும் சுற்றிவிட்டுத் திரும்பி வரும். அறுபது வருடம் இரும்புக்குள் தண்ணீர் சுற்றினால் துரு கரையும். பாரிஸ் தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்பும் சேர்ந்து படியும். கடைசியில் எல்லாம் கறுப்புச் சேறாகிவிடும். மூன்று குளிர்காலத்துக்கு முன் மேல்மாடிகள் குளிரத் தொடங்கியது இதனால்தான். அந்தச் சேற்றுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, அது தானாக வந்தது. முதலாம் சேறு, இரண்டாம் சேறு என்று பிரித்து எழுதினீர்களென்றால் குழப்பம் வராது.

என் வீடு பொய்லருக்கு நேர் மேலே இருக்கிறது. போதாததற்கு, என் ரேடியேட்டர்களை வருடா வருடம் கழற்றிக் குளியல் தொட்டியில் போட்டுக் கழுவுகிறவன் நான். ஆகவே மேலே எல்லாரும் வீட்டுக்குள் கோட்டோடு திரிந்தபோது என் வீடு மட்டும் கதகதப்பாக இருந்தது.

அப்போதுதான் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் வந்தவர் ஐந்தாம் மாடி மடுத்தீன் அண்ணை, மனைவியை இழந்து தனியாக இருக்கிறவர். "தவம், உன்ரை வீட்டிலை கொஞ்சம் கை காய்ச்சிப்போட்டுப் போறன்" என்று கதவடியில் நின்றார். அடுத்து மூன்றாம் மாடி குகதாசன் வந்தான், பிறகு நாலாம் மாடி லோறன்ஸ். யாழ்ப்பாணத்து ஆம்பிளைகள் நாலு பேர் ஒரு மேசையைச் சுற்றி இருந்தால் என்ன நடக்கும் என்று கேட்கவும் வேண்டுமா? ஞாயிறு மத்தியானங்களில் முந்நூற்றிநாலு தொடங்கியது. அது ஒரு சீட்டு விளையாட்டு என்று அதிகாரிகளுக்கு விளக்குங்கள். நாலு பேர் வேண்டும், எதிரெதிரே இருப்பவர்கள் கூட்டாளிகள். மடுத்தீன் அண்ணை என் கூட்டாளி. அவர் கையில் மற்றதையெல்லாம் வெட்டுகிற துரும்புச் சீட்டு இருக்கிறதா இல்லையா என்று அவர் மூக்கை உறிஞ்சுகிற விதத்திலேயே எனக்குத் தெரியும்.

நீங்களும் உங்கள் மனைவி மதாம் ஜெர்மேனும் வந்தீர்கள். "என்னா தவரத்தினம், இது வீடா, இல்ல இட்லிப் பானையா?" என்று கேட்டுக்கொண்டு, காலுறையைக் கழற்றி என் ரேடியேட்டரில் காயப்போட்டுவிட்டுப் பேப்பர் படித்தீர்கள். நான் ஒரு வார்த்தை சொன்னேனா? இரண்டு குளிர்காலம் அப்படிப் போனது. என் வீட்டில் தேத்தண்ணீர் கோப்பைகள் காய நேரமிருக்கவில்லை.

என் மனைவி சாரதாதேவியைப் பற்றியும் நீங்கள் கேட்டீர்கள். அவர் மகளின் பிள்ளைப்பேற்றுக்காக ஆறு மாதத்துக்கென்று கனடா போனவர். அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. இதை நான் ஒரு காரணமாகச் சொல்லவில்லை. தனிமை என்ற சொல்லைத் தயவுசெய்து போடாதீர்கள். எனக்கு ரேடியோ இருக்கிறது.

போன வருடம் உரிமையாளர் கூட்டத்தில் குழாய்களைச் சுத்தம் செய்வதென்று தீர்மானித்தீர்கள். வேலை நான் இருக்கிற கொம்பனிக்கே வந்தது. கொம்பனி என்னையே அனுப்பியது. வேண்டுமென்றே அரைகுறையாகச் செய்தேன் என்று இப்போது சிலர் கதைக்கிறார்களாம், அதை வன்மையாக மறுக்கிறேன். தண்ணீரோடு மருந்து கலந்து பத்து நாள் சுற்றவிட்டேன். அது துருவையும் சுண்ணாம்பையும் கரைத்துக்கொண்டு வந்தது. பிறகு ஒவ்வொரு குழாயாகத் திறந்து, கறுப்பு, மண்ணிறம், தேநீர் நிறம் என்று மாறி மாறி, கடைசியில் குடிக்கலாம் போலத் தெளிந்த தண்ணீர் வரும்வரை கழுவினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக நான் ஒரு கட்டடத்தைச் செய்ததில்லை. ஐந்தாம் மாடியில் இருபத்தொரு பாகைச் சூடு. மடுத்தீன் அண்ணை என்னைக் கட்டிப்பிடித்தார். மதாம் ஜெர்மேன் கேக் தந்தார்.

அடுத்த ஞாயிறு முப்பது வடை சுட்டு வைத்தேன். ஒருவரும் வரவில்லை.

மூன்று மணிக்கு ஒருமுறை கதவைத் திறந்து பார்த்தேன். நாலு மணிக்குப் படிக்கட்டுவரை போனேன். மேலே ஒவ்வொரு வீட்டிலும் தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது. அன்று எனக்கு அழுகை வந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும். அந்த வடைகளை மூன்று நாள் சாப்பிட்டேன். செவ்வாய்க்கிழமை குகதாசனைத் தபால்பெட்டியடியில் கண்டேன்.

"அண்ணை, வீடு இப்ப சொர்க்கம். பெனியனோடை இருந்து படம் பாக்கிறன். வெளிக்கிடவே மனமில்லை" என்றான்.

"நல்லது" என்றேன்.

இன்னும் இரண்டு ஞாயிறு பொறுத்துப் பார்த்தேன். இது முக்கியம், நான் அவசரப்பட்டவன் இல்லை. கழுவி எடுத்த கறுப்புத் தண்ணீரைக் கண்ட இடத்தில் ஊற்ற முடியாது, அதற்கென்று உள்ள இடத்தில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நேரம் கிடைக்காமல் நாலு பிளாஸ்டிக் கான் நிறைய நிலவறையில் அப்படியே இருந்தது. பொய்லரில் தண்ணீர் குறைந்தால் நிரப்புவதற்கு ஒரு வால்வு உண்டு. எல்லாரும் வேலைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், என் வீட்டுக்குப் போகும் குழாயை மூடிவிட்டு, கைப்பம்பால் ஒரு கானை உள்ளே விட்டேன். உங்கள் சேற்றை உங்களிடமே திருப்பித் தந்தேன். வெளியிலிருந்து ஒரு சொட்டும் கொண்டுவரவில்லை.

குளிரில் எவ்வளவு போதும் என்று கண்டுபிடிக்க எனக்குச் சில கிழமைகள் பிடித்தன. பத்தொன்பது பாகை என்பது சட்டம் சொல்கிற கணக்கு, அந்தச் சூட்டில் ஒருவரும் அசையமாட்டார்கள். பதினெட்டில் போர்வையைத் தேடுவார்கள். பதினேழில் "தவம் என்ன செய்யிறான் பாப்பம்" என்ற யோசனை வரும். பதினைந்துக்குப் போனால் வருவார்கள்தான், ஆனால் நகரசபைக்கும் தொலைபேசி எடுப்பார்கள். ஆகவே பதினேழு. ஒரு மாடிக்குக் கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டால் அந்த மாடி வால்வைத் திருகிச் சரிசெய்தேன். யாருக்கும் தேவைக்கு மேல் குளிர் கொடுக்கவில்லை. மதாம் ஜெர்மேனின் முழங்கால் வலி அந்த நாட்களில்தான் கூடியது என்று சொன்னீர்கள். என் வீட்டில் ரேடியேட்டரோடு ஒட்டின நல்ல நாற்காலியை அவருக்குத்தான் ஒதுக்கியிருந்தேன், நீங்களே சாட்சி.

மார்கழி முழுவதும் வீடு நிறைந்திருந்தது. நத்தார்ப் பண்டிகைக்கு மடுத்தீன் அண்ணை வைன் போத்தலோடு வந்தார். நான் மரக்கறிச் சாப்பாடு, இருந்தாலும் ஆட்டிறைச்சி சமைத்தேன். சேறு நன்றாக வேலை செய்தது.

தை மாதம்தான் பிரச்சினை வந்தது. மடுத்தீன் அண்ணையின் மகள் தர்மிளா பாரிசுக்கு வெளியே ஸ்தேன் என்ற ஊரில் இருக்கிறாள். கணவன் பெயர் றொஜர், ஐந்து மாதக் கைக்குழந்தை ஒன்று, புதிதாகக் கட்டின சிறிய தனிவீடு. இந்தக் குளிருக்குள் தகப்பனைத் தனியே விடமாட்டேன் என்று அவள் வந்து பெட்டியைக் கட்டிக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். நான் இதை எதிர்பார்க்கவில்லை என்று ஒப்புக்கொள்கிறேன்.

மூன்று பேரோடு முந்நூற்றிநாலு ஆட முடியாது. ஆடலாம் என்பவர்களுக்கு ஆட்டம் தெரியாது. நாலாவது கைக்கு உங்களை இருத்திப் பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் "எது துரும்பு?" என்று கேட்டீர்கள். துரும்பை மறைத்து வைத்திருந்தவர் நீங்கள்தான். லோறன்ஸ் சீட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆகவே தர்மிளாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். "பிள்ளை, புதுவீடு எண்டாலும் ஷோஃபாஜை ஒருக்காப் பாக்கவேணும். அங்கிள் சும்மா வந்து பாத்துத் தாறன்" என்றேன். அவளுக்குச் சந்தோஷம். ஒரு சனிக்கிழமை போனேன், அரைக் கான் கொண்டுபோனேன். சிறிய வீட்டுக்கு அது அதிகம் என்று பிறகுதான் தெரிந்தது. நான் பொய்லரடியில் வேலை செய்கையில் மடுத்தீன் அண்ணை குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்து கதை சொன்னார். தர்மிளா எனக்குப் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் தந்தாள். நல்ல ருசி.

இரண்டு நாளில் அந்த வீடு பதின்மூன்றுக்கு இறங்கியது. மடுத்தீன் அண்ணை மட்டும் திரும்பி வருவார் என்பது என் கணக்கு. அவர் வந்தார், மகளையும் மருமகனையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்தார். குழந்தைக்கு மூச்சு இழுத்தது. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு, கதகதப்பான அறையில் வைத்திருக்கச் சொல்லி அனுப்பினார்கள். கட்டடத்தில் அப்படி ஒரே ஒரு வீடுதான் இருந்தது.

என் கட்டிலைக் கொடுத்தேன். பதினொரு நாள் நான் நிலத்தில் படுத்தேன். இதைப் பிரெஞ்சில் எழுதும்போது விட்டுவிடாதீர்கள். குழந்தைக்குக் கம்பளித் தொப்பி வாங்கினேன். அது இருமாமல் உறங்கிய முதல் நாள், மேசையில் நாலு பேரும் சத்தம் போடாமல், சீட்டை மெதுவாக வைத்து விளையாடினோம். தர்மிளா எனக்கு முன்னால் கண்கலங்கி, "அங்கிள், நீங்கள் இல்லாட்டி நாங்கள் என்ன செய்திருப்பம்" என்றாள். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல பதினொரு நாள் எனக்குக் கிடைத்ததில்லை. நான் உண்மையாகத்தான் சொல்கிறேன்.

இனி என் பிழை. பிழை என்று நான் ஏற்றுக்கொள்வது இது ஒன்றைத்தான், தொழில்காரன் என்ற முறையில் வெட்கப்படுகிறேன். றொஜர் வேறொரு ஷோஃபாஜ்காரனைக் கூப்பிட்டு ஸ்தேன் வீட்டைப் பார்க்கச் சொன்னான். அவன் பொய்லரைத் திறந்து சேற்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது இரும்புத் துரு. இந்த வீட்டில் இரும்பே இல்லையே" என்றானாம். புதுவீடு, குழாயெல்லாம் பிளாஸ்டிக், ரேடியேட்டர் அலுமினியம். அறுபது வருடத்துச் சேறு அங்கே எப்படி வரும்? இருபத்தெட்டு வருட அனுபவம் உள்ளவன் நான் அதை யோசிக்காமல் விட்டேன்.

போன வியாழன் மடுத்தீன் அண்ணை ஒரு ஜாம் போத்தலில் கறுப்புத் தண்ணீரோடு வந்து, அதை மேசையில் வைத்தார்.

"இது எங்கடை கட்டிடத்துச் சேறோ?"

"ஓம்."

"நீயோ?"

"ஓம் அண்ணை."

"பிள்ளை மூச்செடுக்கேலாமல் கிடந்ததடா."

"தெரியும். தொப்பி வாங்கிக் குடுத்தனே."

அவர் போத்தலை என் பக்கம் தள்ளினார். பிறகு, "வாங்கோ எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா வந்திருப்பமே. இதே படிதானே" என்றார்.

நீங்களும் அதையே கேட்டீர்கள், முசியே ரேமண்ட். நான் அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். கூப்பிட்டு வருகிறவர்கள் விருந்தாளிகள். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே மணிக்கூட்டைப் பார்ப்பார்கள், ஒரு மணித்தியாலத்தில் "அப்ப வாறம்" என்று எழும்பிவிடுவார்கள். குளிருக்கு வந்தவர்கள் அப்படியில்லை. அவர்களுக்குப் போக இடமில்லை. அப்படி இருக்கிறவர்களைத்தானே நாம் சொந்தக்காரர் என்கிறோம்?

மடுத்தீன் அண்ணை பேசிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் கோட்டைக் கழற்றவேயில்லை. என் வீட்டில் ஒருவர் கோட்டோடு நின்றது அன்றுதான். அது என்னை மிகவும் நோகச் செய்தது, ஆனாலும் வயதில் மூத்தவர் என்பதால் நான் ஒன்றும் சொல்லவில்லை.

கூட்டத்தில் என்ன தீர்மானித்தாலும் கட்டுப்படுகிறேன். கட்டடத்தைத் திரும்பச் சுத்தம் செய்ய வேறு கொம்பனியைத் தேடி அலைய வேண்டாம். மருந்து என்னிடம் இருக்கிறது, பத்து நாளில் முடித்துத் தருகிறேன். இன்று காலையும் மாடி மாடியாகப் பார்த்தேன். உங்கள் வீடு பதினேழு, குகதாசன் வீடு பதினேழு, லோறன்ஸ் வீடு பதினாறரை.

ஒரு வேண்டுகோள். என்னைப் பற்றிப் பேசுகிற அந்தக் கூட்டத்தை என் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். இருபத்தைந்து பேருக்கு ரூ பஜோல் தெருக் கோயிலடியில் வாடகை நாற்காலி சொல்லியிருக்கிறேன். கோபத்தோடு வருகிறவர்களும் வரட்டும், மதாம் ஜெர்மேனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், தர்மிளா குழந்தையோடு வரட்டும். ஞாயிறு மூன்று மணி. சுத்தம் செய்கிற வேலையை மட்டும் கூட்டம் முடிந்த பிறகு தொடங்கலாம். முதலே செய்துவிட்டால், யார் வருவார்கள்?