கதவைக் கழட்டிய அறை

ஸ்டேஷன் டீ நல்லா இருக்கு சார். எங்க ஆபீஸ்ல டீ போடறவரை நிறுத்திட்டு மெஷின் வச்சது நான்தான். அதுக்கே என்னை உள்ளே போட்டிருக்கலாம்.

நான் கெடுபிடி பண்ற ஆள் இல்லை, எழுதிக்குங்க. ஆயிரக்கணக்கான பேர் வேலை பார்க்கிற லிஃப்ட் கம்பெனி எங்களோடது. எனக்கு முன்னாடி இருந்த மேனேஜர் மேஜையைத் தட்டித் தட்டியே ரத்தக்கொதிப்பு வந்து போனவர். நான் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போயிட்டு வந்து, என் அறைக் கதவையே கழட்டச் சொன்னேன். யார் வேணா, எப்ப வேணா வந்து மனசுல இருக்கறதைச் சொல்லலாம். தச்சர் கழட்டும்போது எல்லாரும் கைதட்டினாங்க. எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு. அப்படி ஒரு அல்பன்.

அப்புறம் யாருமே வரலை. வந்தா மொத்த ஹாலும் பார்க்குமே. யார் போறா, எவ்வளவு நேரம் பேசறா, வெளிய வர்றப்ப மூஞ்சி எப்படி இருக்குன்னு. இது எனக்குச் சீக்கிரமே புரிஞ்சுபோச்சு. கதவைத் திரும்ப மாட்டியிருக்கலாம். அதுக்குள்ள, புகாரே இல்லாத பிரிவுன்னு மேலிடத்துல கேடயம் கொடுத்துட்டாங்க சார்.

ஒருத்தி மட்டும் வந்தா. சோதனைப் பிரிவுப் பொண்ணு, வாயில்லாப் பூச்சி. சூடேறினா பிரேக் வழுக்குது, புது மாடலை இப்ப அனுப்ப வேண்டாம்னு காதும் காதும் வச்ச மாதிரி சொல்ல ஆரம்பிச்சா. நான் ஹாலுக்கே கேட்கற மாதிரி, "சத்தமா சொல்லும்மா, நமக்குள்ள என்ன ரகசியம்? எல்லாரும் ஒரே குடும்பம்தானே"ன்னேன். அத்தனை தலையும் நிமிர்ந்துச்சு. அந்த மாடலை நம்பித்தான் எல்லாரும் போனஸுக்குக் காத்துட்டிருந்தாங்க.

"ஒண்ணுமில்லை சார், இன்னொரு தடவை பார்த்துட்டுச் சொல்றேன்"னு போயிட்டா.

நான் மிரட்டலை. குடும்பம்னு சொன்னேன், அவ்வளவுதான். அந்த வாரமே 'துணிச்சலான குரல்'னு அவளுக்கு ஒரு விருது கொடுத்து, வேற பிரிவுக்கு மாத்தினேன். போட்டோவுல அவ சிரிக்கலை. போட்டோக்காரரைத் திட்டினேன்.

அந்த மாடலை அனுப்பிட்டோம். ஒரு அடுக்குமாடில அது விழுந்து, அங்க குடியிருந்த ஒரு அம்மாவும் அவங்க சின்னப் பொண்ணும் செத்த அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கலை. மறுநாள் இறங்கிடுச்சு.

அவ முழுசா சொல்லவே இல்லையே, எனக்கு எப்படித் தெரியும்னு பதில் சொல்லச் சொன்னார் வக்கீல். நல்லா பூசி மெழுகின பதில். கொஞ்ச நாள் நானே அதை நம்பினேன்.

ஆனா, அதே கட்டடத்துலதான் சார் என் மச்சினன் குடிவந்தான், விபத்துக்குக் கொஞ்ச நாள் முன்னாடி. வீடு நாலாவது மாடி. பால் காய்ச்சற அன்னிக்கு மாமியாரைக் கூட்டிட்டுப் போனேன், அவங்களுக்கு மூட்டுவலி. "மாப்பிள்ளை, உங்க லிஃப்ட்லயே போலாம்"னு அவ்வளவு பெருமையா சொன்னாங்க. நடந்தா உடம்புக்கு நல்லதுன்னு சொல்லி, கையைப் பிடிச்சு அவங்களைப் படியில ஏத்தினேன்.

லிஃப்டுக்குள்ள அந்த அம்மாவும் பொண்ணும் நின்னாங்க. "பெரியவங்களைக் கூட்டிட்டு வாங்க, இடமிருக்கு"ன்னு எங்களுக்காகப் பிடிச்சு நிறுத்தி வச்சிருந்தாங்க.

நீங்க போங்கம்மான்னு சிரிச்சுக்கிட்டே சொன்னேன்.