விழுங்கிய எழுத்து

நீலமணிப் பூவுக்கு வெயில் அதிகம் ஆகாது. நாங்கள் குடிபெயர்ந்து வந்த இந்தக் குளிர்நாட்டில், மோர்னிங்சைட் ஓடைக்கரைக் காட்டில், மேப்பிள் மரங்கள் இலைவிட்டு நிழல் கவியுமுன், மே மாதத்தில் நிலமெல்லாம் நீலமாக விரிந்து, பிறகு அடங்கிவிடும். இங்கிலாந்திலிருந்து யாரோ கொண்டுவந்து நட்டதாம். தண்டு ஒருபக்கமாக வளையும்; மணிகள் அனைத்தும் அப்பக்கமே தலைகுனியும். சந்நிதியில் நிற்கத் தெரிந்த பூ. ஆகவே 1994 இளவேனிலில் வெள்ளிதோறும் அதைக் கோயிலுக்குக் கொண்டுசென்றேன்.

அங்கே பதிகம் பாடும் பணி முன்பு என்னுடையது. குரல் இனிமை என்று அதைக் கனகசிங்கத்தாருக்குக் கொடுத்தார்கள். எனக்கு வருத்தமில்லை. ஆனால் இறைவனை ‘அழிவிலானே’ என்று விளிக்குமிடத்தில் அவர் ஓரெழுத்தை விழுங்கி, ஐந்தெழுத்தை நாலாக்கி, ‘அழிவானே’ என்பார். அழிவில்லாதவன் அழியப்போகிறவன் ஆவான். சபை கைகூப்பி அதையே திருப்பிப் பாடும்.

திருத்தினேன்.

“கடவுளுக்கு விளங்குது, மாஸ்டர். உங்களுக்குத்தான் விளங்குதில்லை,” என்றார். பெண்கள் பக்கத்திலும் சிரித்தார்கள்.

அடுத்த வெள்ளி, தொட்டியில் நட்டுச் சந்நிதியில் வைக்கலாமென்று சில செடிகளைக் கிழங்கோடு தோண்டினேன். தண்டுகள் முறிந்துவிட்டன. பூக்களைத் தட்டில் வைத்தேன். கிழங்குகள் பையில் கிடந்தன, வெள்ளையாக, சிறியனவாக. மடைப்பள்ளியில் கனகசிங்கத்தார் பையைத் திறந்தார்.

“உது எங்கட சின்ன வெங்காயமெல்லோ, மாஸ்டர்? இஞ்ச கண்ணாலயும் காணேலாது.”

எங்கள் மருத்துவ ஏடுகள் இந்த இனத்துக்கு நரிவெங்காயம் என்று பெயர் சொல்கின்றன. அளவு மீறினால் இதயத்தை நிறுத்திவிடும் என்றும் சொல்கின்றன.

“வெங்காயம் எண்டுதான் பேர், அண்ணை.”

“உங்களுக்கு வேண்டாமோ?”

“நான் வெள்ளிக்கிழமையில தொடுறதில்லை.”

“அப்ப இது என்ர பங்கு. நாளைக்குக் குழம்பு வைக்கிறன், வாருங்கோவன்.”

வரமாட்டேன் என்றேன். அவர் தனியாக வசிப்பவர், குழம்பை வேறொருவரும் உண்ண மாட்டார் என்பதையும் யோசித்துப் பார்த்தேன். பிறருக்குத் தீங்கு நினைப்பது என் இயல்பன்று.

அவருடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கில் நான்தான் பாடினேன். ‘அழிவிலானே’ என்ற இடத்தில் சபை முழுவதும் சரியாகத் திருப்பிப் பாடியது.

நான் பொய் சொல்லவில்லை. வாக்குமூலத்தில் அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அவர் வெள்ளிதோறும் விழுங்கியது ஓரெழுத்து. நான் ஒரே ஒருமுறை விழுங்கியது ‘நரி’ என்னும் ஈரெழுத்து. ஓரெழுத்துக் கூடுதல் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.