விளிம்பு வரைக்கும்

புருல்: நிறுத்து, நிறுத்து... மறுபடியும் பாதி கப்புதான்!

சைக்கால்: கை தானா நின்னுடுதுடி...

புருல்: மூணு மணிக்குக் காபி போடற பரீட்சை. இப்படிக் குடுத்தா, சொல்லித் தர்ற மாஸ்டர் வாயில வெச்சுக்கூடப் பாக்க மாட்டார்.

சைக்கால்: ஏழு வருஷமா அந்த வீட்டுல மருமகளா டீ ஊத்தின கை இது. கிண்ணத்துல பாதிதான் ஊத்தணும். நிறைய ஊத்தினா வந்தவங்கள 'குடிச்சிட்டுக் கெளம்பு'ன்னு வெரட்டற மாதிரி.

புருல்: எங்க வீட்டுலயும் அதேதான். ஆனா இது காபிக் கடை. காசு குடுத்தவனுக்குப் பாதி கப்பு நீட்டினா சண்டைக்கு வருவான்.

சைக்கால்: சிரிக்காத. எனக்குப் பயமா இருக்கு.

புருல்: பரீட்சைக்கா பயம்?

சைக்கால்: எம் புருஷன் நாளைக்கு ருஷ்யாலேருந்து வர்றார். போன தடவ வந்தப்ப ஒடச்ச மணிக்கட்டு இது. இந்தத் தடவ... நான் உயிரோட இருப்பேனான்னே தெரியல.

புருல்: ச்சீ, வாயக் கழுவு. பாஸாகு. ஏரிக்கு அந்தப் பக்கம் கரகோல் ஊர்ல எங்க சின்னம்மா காபிக் கடையில வேலை, தங்க எடம்... எல்லாம் பேசியாச்சு. சாயங்கால வண்டிக்குப் புள்ளையோட வந்துடு. வீட்டுல சந்தேகம் வரலையே?

சைக்கால்: பல் டாக்டர்கிட்டப் போறேன்னு அத்தைகிட்டச் சொல்லியிருக்கேன்.

புருல்: பத்து நாளாவா? ஒனக்கென்ன, குதிரைப் பல்லா?

சைக்கால்: புருல்...

புருல்: சரி, சரி, பால எடு.

சைக்கால்: புருல், வாசல்ல பாரு. தலையில வெள்ளைத் துணி கட்டின அம்மா... அது எங்க அத்தை, அவரோட அம்மா.

புருல்: ஐயோ... நீ பின்னால போ. நான் பேசிக்கறேன்.

சைக்கால்: பாத்துட்டாங்க...

அத்தை: பல் டாக்டர் வீடு இதுதானா?

புருல்: அது... வாங்கம்மா, உக்காருங்க. இங்க வந்து...

அத்தை: ஒன்ன கேக்கல. சைக்கால், வாயத் தெற. எந்தப் பல்லு?

சைக்கால்: அத்தை... மன்னிச்சிடுங்க. அவர்கிட்டச் சொல்லிடாதீங்க. கால்ல விழறேன்...

அத்தை: எந்திரி. பத்து நாளா ஒன் துணியெல்லாம் காபி வாசனை. மூக்கில்லாதவளா நான்? எனக்கு ஒண்ணு போடு.

சைக்கால்: இ... இப்பவா?

அத்தை: போடுன்னேன்.

புருல்: பால் சட்டிய ரெண்டு கையாலயும் புடி...

சைக்கால்: இந்தாங்க அத்தை.

அத்தை: பாதிதான இருக்கு?

சைக்கால்: ஒங்களுக்குப் போயி எப்படி அத்தை நெறைய ஊத்துவேன்?

அத்தை: மீதியையும் ஊத்து... இன்னும்... விளிம்பு வரைக்கும். ம். இப்ப இத நீ எடுத்துக் குடி.

சைக்கால்: நானா?

அத்தை: ஆமா. நெறஞ்ச கப்ப நான் ஒனக்குத் தர்றேன். வெளங்குதா?

சைக்கால்: அத்தை... வீட்ட விட்டு வெரட்டறீங்களா? எம் புள்ள பெக்துர விட்டுட்டு நான் எங்க போவேன்?

அத்தை: பெக்துர் வெளியில டாக்ஸியில தூங்கறான். அவன் துணிமணியும் அங்கதான் இருக்கு.

புருல்: கரகோலுக்குச் சாயங்காலம்தானம்மா வண்டி. பரீட்சை முடிச்சுட்டு...

அத்தை: சாயங்காலம் வரைக்கும் நேரமில்ல. ஒம் புருஷன் நாளைக்கு வரல... காலையிலேயே வந்துட்டான். குடிச்சுட்டுத் தூங்கறான்.

சைக்கால்: ஐயோ... நான் பாஸாகலன்னா கடையில...

புருல்: மாஸ்டர் கதவுகிட்ட நின்னு அந்தக் கப்பப் பாத்துட்டு, பாஸுன்னு தலைய ஆட்டிட்டுப் போறார். சின்னம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன். நீ கெளம்பு!

சைக்கால்: அத்தை, நீங்களும் வந்துடுங்க. எந்திரிச்சா ஒங்களத்தான கேப்பார்...

அத்தை: அதுக்குத்தாண்டி நான் வீட்டுல இருக்கணும். மொதல்ல என்னைய அடிப்பான். அவன் அடிச்சு ஓயறதுக்குள்ள நீ ஏரியைத் தாண்டியிருப்ப.